வேக்சர்ஃப் போர்டு டெக்கில் கொப்புளம், "வெயில் பட்டது, வாரண்டி கிடையாது" என்கிறார்கள்

ஏரிக்கரை:
வணக்கம். விவரத்தை மட்டும் சொல்கிறேன். படகு எழுப்பும் அலையில் சறுக்கும் வேக்சர்ஃப் போர்டு, 5 அடி, சர்ஃப் ஸ்டைல். உள்ளே இ.பி.எஸ் ஃபோம் (தெர்மாகோல் மாதிரி மணி நுரை), மேலே ஃபைபர் கிளாஸும் எப்பாக்சி ரெசினும், அடியில் மூன்று ஃபின் (துடுப்பு). ஆஸ்டினில் ஒரு டீலரிடம் புதிதாக வாங்கியது. விலை 649 டாலர், 8.25 சதவீத வரியோடு 702.54. ஒரு வருட லிமிடெட் வாரண்டி, இப்போது பத்தாவது மாதம்.

கால் வைக்கும் மேற்பக்கமான டெக்கில், பின்னால் வழுக்காமலிருக்க ஒட்டிய ட்ராக்‌ஷன் பேடின் முன்விளிம்பை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். அழுத்தினால் மொறமொறக்கிறது. அடிப்பக்கம் வலது ஃபின் செருகும் பாக்ஸைச் சுற்றி முடி மாதிரி ஒரு விரிசல். நாலு போட்டோ அனுப்பினேன். "வெப்பத்தால் வந்த டீலேம் (மேல்தோல் பிரிதல்), வாரண்டியில் சேராது" என்று ஒரே வரியில் கம்பெனி முடித்துவிட்டது. டீலர் கம்பெனியைக் கை காட்டுகிறார். ரிப்பேர்க் கடையில் 180 டாலர் கேட்கிறார்கள். ரிப்பேர் செய்துவிட்டு அந்த பில்லைக் கம்பெனிக்கு அனுப்பலாமா?

ரெசின்கை:
அனுப்பாதீங்க, ரிப்பேரே பண்ணாதீங்க. கொப்புளத்துல ஊசி போட்டு ரெசின் ஏத்தின நிமிஷமே ஆதாரம் போச்சு. "அனுமதி இல்லாத ரிப்பேர்"னு புதுசா ஒரு காரணமும் கம்பெனிக்கு நீங்களே கொடுத்த மாதிரி ஆகும். தண்ணியில இறக்குறதையும் நிறுத்துங்க. விரிசல் தெரிஞ்ச பிறகும் ஓட்டினா, சேதத்தைப் பெருசாக்கினது நீங்கதான்னு சொல்ல முடியும்.

நாலு விஷயம் வேணும்.
ஃபின் எந்த வகை பாக்ஸ்? ஃப்யூச்சர்ஸ் மாதிரி ஒரே நீளப் பள்ளமா, எஃப்.சி.எஸ் மாதிரி ரெண்டு ப்ளக்கா?
மூணு ஃபினையும் கழட்டி, முன்விளிம்பு, நுனி, அடிப்பகுதி தனித்தனியா போட்டோ.
போர்டுல வென்ட், அதாவது உள்ளக் காத்து வெளிய போற துளை, இருக்கா? இருந்தா ஸ்க்ரூவா, தானா மூச்சு விடுற வகையா?
ஃபின் இல்லாம போர்டு எடை எவ்வளவு? லக்கேஜ் தராசே போதும். மூணு தடவை தூக்கிப் பார்த்து மூணையும் எழுதுங்க.

வி_ட்ரைவ்:
நான் எதிர்ப்பக்கம் பேசுறேன், கோவிச்சுக்காதீங்க. டெக்சாஸ் வெயில்ல டெக்ல கொப்புளம்னா பத்துல எட்டு வெயில்தான். ரூம் டெம்பரேச்சர்ல இறுகுற எப்பாக்சி 120 – 140 டிகிரி ஃபாரன்ஹீட்லயே இளக ஆரம்பிக்கும். மூடின காருக்குள்ள ஆகஸ்ட் மதியம் 130 தாண்டும். போட் டவர் ரேக்குல, கறுப்பு பேக்குக்குள்ள வெச்சாலும் அதே கதை. ஃபோம்ல இருக்கிற காத்து விரிஞ்சு தோலைத் தூக்கிடும். கிட்டத்தட்ட எல்லா வாரண்டி தாளிலும் இதை விலக்கா எழுதியிருப்பாங்க. 180 டாலர் கொடுத்து ரிப்பேர் பண்ணிட்டு சீசனை ஓட்டுறது புத்திசாலித்தனம்.

ரெசின்கை:
வி_ட்ரைவ் சொல்ற இயற்பியல் சரி. ஆனா இந்தக் கொப்புளம் இருக்கிற இடம் இடிக்குது.

வெயில் கொப்புளம் வெயில் பட்ட முகத்துல வரும். முதல்ல கருநிறப் பட்டை, அடர் கிராபிக்ஸ் இருக்கிற இடத்துல எழும். பெரும்பாலும் ஒண்ணோட நிக்காது. ஃபின் பாக்ஸ், கயிறு மாட்டுற லீஷ் ப்ளக் பத்தியெல்லாம் அதுக்குக் கவலை இல்லை, பரந்த இடம் பார்த்துத் தூக்கும்.

தண்ணி உள்ள போய் வர்ற கொப்புளம் ஓட்டைக்குப் பக்கத்துல பிறக்கும். பாக்ஸ் ஓரம் கசிஞ்சா இ.பி.எஸ் மணிகளுக்கு நடுவுல இருக்கிற சந்துல தண்ணி மெதுவா ஏறும். அப்புறம் சாதாரண வெதுவெதுப்பு போதும், ஈரக் காத்து தோலைத் தள்ளும். கம்பெனி அப்போ "வெப்பம்"னு சொல்றது பாதி உண்மை. வெப்பம் கடைசியா தள்ளினது. கதவைத் திறந்து வெச்சது பாக்ஸ் ஒட்டு.

மூணாவது வகை, குதிகால் பள்ளம். கால் வெச்சு வெச்சு ஃபோம் நசுங்கி டெக்ல குழி விழும். அது தேய்மானம். அதுக்கு கிளெய்ம் போட்டு மானத்தை வாங்கிக்காதீங்க.

ஏரிக்கரை:
கேட்ட விவரம்.

ஃப்யூச்சர்ஸ் வகை, ஒரு பாக்ஸுக்கு ஒரு ஸ்க்ரூ. மூன்று ஃபினிலும் நுனி உடையவில்லை, முன்விளிம்பில் சிராய்ப்பும் இல்லை. ஸ்க்ரூ மரை நன்றாக இருக்கிறது, பாக்ஸின் பக்கச் சுவர் பிளக்கவில்லை. விரிசல் பாக்ஸ் ஓரத்தை ஒட்டியே முக்கால் சுற்று போகிறது. நகத்தால் தடவினால் வலது பாக்ஸின் பின்முனை சுற்றியுள்ள தளத்தைவிட லேசாகத் தாழ்ந்திருப்பது தெரிகிறது. இடது பாக்ஸ் சமமாக இருக்கிறது.

வென்ட் தானாக மூச்சுவிடும் வகை. எடை 9.4 பவுண்டு, மூன்று முறையும் அதேதான். கம்பெனியின் விவரப் பக்கத்தில் 8.2 என்று இருக்கிறது. முன்முனையான நோஸில் கருநீலப் பட்டை இருக்கிறது, அங்கே கொப்புளம் எதுவும் இல்லை.

ரெசின்கை:
நோஸ் கருநீலப் பட்டை சுத்தமா இருக்குன்னா அதை முதல் போட்டோவா வைங்க. வெயில் குற்றவாளின்னா முதல்ல மாட்ட வேண்டிய இடம் அது.

ஃபின் விஷயமும் உங்க பக்கம். ஃபின் தரையிலயோ, படகுக்குப் பின்னால இருக்கிற ஸ்விம் ப்ளாட்ஃபார்ம்லயோ இடிச்சா அது பின்னால சாயும். அடியோட பின்முனை பாக்ஸை அமுக்கும், முன்முனை ஸ்க்ரூவைப் பிடிச்சு மேல இழுக்கும். அப்போ ஸ்க்ரூ மரை கிழிஞ்சிருக்கணும், இல்ல பக்கச் சுவர் பிளந்திருக்கணும், ஃபின் விளிம்பிலயாவது வெள்ளையா ஒரு தழும்பு இருக்கணும். எதுவும் இல்லாம பாக்ஸ் மட்டும் இறங்கியிருக்குன்னா, பாக்ஸைச் சுத்தி ஊத்தின ரெசின் நிரம்பலை, இல்ல கீழ இருக்கிற ஃபோமைப் பிடிக்கலை. சமமா இருக்கிற இடது பாக்ஸையும் அதே கோணத்துல எடுங்க. ஒரு ஸ்டீல் ஸ்கேலை பாக்ஸ் மேல குறுக்கா நிமிர்த்தி வெச்சு, அடியில தெரியிற வெளிச்சக் கோட்டைப் படம் பிடிங்க. வலதுல கோடு தெரியும், இடதுல தெரியாது. ஒரு பக்கம் எழுதுறதைவிட அந்த ரெண்டு படம் பேசும்.

எடை வித்தியாசம் 1.2 பவுண்டு, கிட்டத்தட்ட 540 மில்லி தண்ணி. ஆனா இதை மட்டும் நம்பாதீங்க. கைவேலை போர்டுல எடை கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்னு சொல்லிடுவாங்க. நிழல்ல, ஃபின் பாக்ஸ் தரையைப் பார்க்க டெயில் கீழா சாய்ச்சு, எதிர்ல ஃபேன் போட்டு விடுங்க. தினமும் ஒரே நேரத்துல எடை. தேதியை ஒரு தாளில எழுதி தராசோட சேர்த்து போட்டோ. எடை இறங்கிக்கிட்டே வந்தா உள்ள தண்ணி இருந்துச்சுங்கிறதுல சண்டை போட இடமே இல்லை. ஹேர் ட்ரையர், ஹீட் கன் கிட்டவே போகக்கூடாது. வெப்பச் சேதம்னு சொன்னவங்களுக்கு வெப்பத்தை நீங்களே சப்ளை பண்ணாதீங்க.

கசிவு எங்கேன்னு காட்ட: குளிர்ந்த ஏசி ரூம்ல ரெண்டு மணி நேரம் வைங்க. வென்ட் மேல டேப் ஒட்டுங்க. கராஜ் நிழலுக்குக் கொண்டு வந்து, விரிசல் மேல பாத்திரம் கழுவுற சோப்பு நுரையைப் பிரஷ்ல தடவுங்க. உள்ளக் காத்து சூடேறி விரியும்போது ஓட்டையில குட்டிக் குட்டியா குமிழி விடும். வீடியோ எடுங்க. முடிஞ்சதும் டேப்பை மறக்காம எடுத்துடணும். வென்ட் அடைபட்ட போர்டு உண்மையிலேயே வெயில்ல வீங்கும்.

பேலஸ்ட்_வாளி:
இடையில் ஒன்று. காசால் தட்டிப் பார்க்கும் சோதனையையும் செய்யுங்கள். குவார்ட்டர் நாணய விளிம்பால் விரல் அகலத்துக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போனால் ஒட்டியிருக்கும் இடம் "டிக்" என்று கேட்கும், விட்டுப்போன இடம் "டப்" என்று மந்தமாகக் கேட்கும். சத்தம் மாறும் எல்லையைப் பெயிண்டர் டேப்பால் சுற்றி ஒட்டிப் படம் எடுங்கள். இந்தப் போர்டில் எல்லை கொப்புளத்தோடு நிற்காது. பேடுக்கு அடியில் பாக்ஸ் வரைக்கும் போகும் என்பது என் ஊகம். பேட் மேலே தட்டினால் நுரை சத்தத்தை விழுங்கிவிடும், அங்கே கட்டைவிரலால் அழுத்தித்தான் பார்க்கணும். பேடை உரிக்க வேண்டாம்.

நாலுகட்டை:
என்னுடையது கம்ப்ரெஷன் மோல்ட் போர்டு. அதுக்கும் இதே சோதனைகள்தானா?

ரெசின்கை:
இல்லை. அது அச்சுல அழுத்திப் பண்றது, ஃபோமும் வேற, கனமும் கூட. தண்ணி அவ்வளவு சீக்கிரம் குடிக்காது. அதுல டெக்கும் அடியும் சேர்ற ரெயில் (பக்க ஓரம்) தையல் பிரியுதான்னு பாருங்க. தையலோட ஓடுற நேர்கோட்டு விரிசல் தயாரிப்பைச் சந்தேகிக்க வைக்கும். ஒரு புள்ளியில இருந்து சிலந்தி வலை மாதிரி கிளம்பினா இடி வாங்கினது.

சட்டப்புள்ளி:
சட்டப் பக்கம். டெக்சாஸை வைத்துச் சொல்கிறேன், மற்ற மாநிலத்தவர் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏரிக்கரை, உங்களிடம் இரண்டு வாரண்டி இருக்கிறது. ஒன்று கம்பெனி எழுதிக் கொடுத்த லிமிடெட் வாரண்டி. இன்னொன்று சட்டம் தானாகச் சேர்ப்பது: விற்ற பொருள் அது எதற்காக விற்கப்படுகிறதோ அந்தச் சாதாரண வேலைக்காவது லாயக்காக இருக்க வேண்டும். எல்லாரும் முதலாவதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். "வெப்பம் விலக்கு" என்ற வரி இருப்பது அதில்தான்.

1975இல் வந்த மேக்னுசன் மாஸ் சட்டப்படி, எழுத்தில் வாரண்டி கொடுத்த கம்பெனி இந்த இரண்டாவதை முழுதாக மறுக்க முடியாது. லிமிடெட் வாரண்டி என்றால் அதன் காலத்தை ஒரு வருடம் என்று சுருக்கலாம், அதையும் தெளிவாகக் கண்ணில் படும்படி எழுதியிருக்க வேண்டும். உங்களுக்குப் பத்தாவது மாதம். அதனால் எழுத்து மூலமான புகார் ஒரு வருடம் முடிவதற்குள் அவர்கள் கையில் சேர்ந்திருக்கட்டும். போனில் பேசியது கணக்கில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டீலர் விஷயம் வேறு. அவர் தன் பேரில் எழுத்து வாரண்டி எதுவும் தராமல், பில்லில் "உள்ளது உள்ளபடி" என்று அச்சிட்டிருந்தால் இரண்டாவது வாரண்டியிலிருந்து அவர் தப்பிக்கலாம். ஆனால் விற்ற 90 நாளுக்குள் அவரே ஒரு சர்வீஸ் ப்ளான் விற்றிருந்தால் அந்த வழி அவருக்கு மூடிவிடும். பில்லின் பின்பக்கத்தைப் படியுங்கள். டீலர் கழன்றாலும் கம்பெனியை நேரடியாகக் கேட்கலாம். அவர்களிடம் நேரே வாங்கவில்லை என்ற வாதம் டெக்சாஸில் 1977லிருந்தே எடுபடாது.

வி_ட்ரைவ்:
702 டாலருக்கு வக்கீலா?

சட்டப்புள்ளி:
வக்கீல் வேண்டாம். சிறு வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் கோர்ட் போதும், அங்கே வரம்பு 20,000 டாலர். வழக்குக் கட்டணம் 54 டாலர், சம்மன் கொடுக்கும் கட்டணம் தனி, கவுண்டிக்குக் கவுண்டி மாறும். ஜெயித்தால் இரண்டையும் சேர்த்துக் கேட்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு படி: டி.டி.பி.ஏ எனும் மாநில நுகர்வோர் சட்டத்தையும் சேர்த்துப் போடுவதானால், வழக்குக்கு 60 நாள் முன்பு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். என்ன குறை, எவ்வளவு நஷ்டம் என்று தொகையோடு இருக்க வேண்டும். ஆதாரமே இல்லாமல் மிரட்டலுக்காக இந்தச் சட்டத்தை இழுத்தால் எதிராளியின் வக்கீல் செலவு உங்கள் தலையில் விழ வாய்ப்புண்டு. ரெசின்கை சொன்ன சோதனைகள் கைக்கு வந்த பிறகுதான் இந்தச் சட்டத்தின் பெயரையே எடுக்க வேண்டும்.

வாரண்டி தாளில் ஆர்பிட்ரேஷன் பிரிவு (கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரிடம் தீர்ப்பது) இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தாலும் பல தாள்களில் சிறு வழக்கு மன்றத்துக்கு விலக்கு கொடுத்திருப்பார்கள்.

நாலுகட்டை:
கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் சார்ஜ்பேக் போட்டு, கார்டு நிறுவனம் வழியாகப் பணத்தைத் திரும்ப வாங்க முடியாதா?

சட்டப்புள்ளி:
பத்தாவது மாதத்தில் கஷ்டம். "சொன்னபடி பொருள் இல்லை" என்ற டிஸ்பியூட்டுக்குக் கார்டு நிறுவனங்கள் பொதுவாக 120 நாள் கணக்கு வைக்கின்றன. மத்திய சட்டத்தில் இன்னொரு வழி இருக்கிறது, 50 டாலருக்கு மேல், உங்கள் மாநிலத்துக்குள் அல்லது 100 மைலுக்குள் வாங்கிய பொருளுக்கு. ஆனால் அது கார்டில் இன்னும் கட்டாமல் இருக்கும் பாக்கித் தொகைக்கு மட்டும்தான். பில்லை ஒழுங்காகக் கட்டியவருக்கு அதில் பயன் இல்லை. நல்ல பழக்கத்துக்குக் கிடைக்கும் தண்டனை!

ஏரிக்கரை:
ஐந்து நாள் எடை: 9.4, 9.2, 9.1, 9.0, 8.9. சோப்பு நுரையில் வலது பாக்ஸின் பின்முனையில் இரண்டு இடத்தில் குமிழி வந்தது, வீடியோ இருக்கிறது. இடது பாக்ஸில் வரவில்லை. காசுச் சோதனையில் மந்தச் சத்தம் பேட் விளிம்பு வரை போகிறது. பேட் மேல் அழுத்தினால் பாக்ஸுக்கு நேர் மேலே வரை லேசாக அமுங்குகிறது. பில்லில் "உள்ளது உள்ளபடி" என்று எதுவும் இல்லை.

வி_ட்ரைவ்:
அரை பவுண்டு இறங்கியிருக்கா? சரி, என் வாதத்தை வாபஸ் வாங்குறேன். ரிப்பேர்க் கடைக்கு இப்போ போகாதீங்க.

சட்டப்புள்ளி:
இனி கடிதம். ஒரு பக்கம் தாண்டக்கூடாது. கோபம், "உங்கள் பிராண்டை நம்பினேன்", விமர்சனம் எழுதுவேன் என்ற மிரட்டல் எதுவும் வேண்டாம். இப்படிப் போகட்டும்:

"சீரியல் எண் இது, வாங்கிய தேதி இது, பில் நகல் இணைப்பு. வலது ஃபின் பாக்ஸ் ஒட்டு விட்டுப்போய், அதன் வழியாகத் தண்ணீர் ஏறி, அதற்கு மேலே டெக் பிரிந்திருக்கிறது. வெப்பம் என்ற உங்கள் முடிவு கீழ்க்கண்டவற்றோடு பொருந்தவில்லை: நோஸ் கருநீலப் பட்டையில் கொப்புளம் இல்லை, ஃபினிலும் பாக்ஸ் சுவரிலும் மோதிய தடயம் இல்லை, நிழலில் உலர்த்த ஐந்து நாளில் எடை 0.5 பவுண்டு குறைந்தது, சோப்புச் சோதனையில் வலது பாக்ஸ் மட்டும் கசிகிறது. மாற்றுப் போர்டு அல்லது 702.54 டாலர் கேட்கிறேன். மறுப்பதானால், எந்தத் தடயத்தை வைத்து, வாரண்டியின் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் தெரிவிக்கவும். 30 நாள் தருகிறேன். போர்டைப் பரிசோதிக்க எப்போது வேண்டுமானாலும் கொடுக்கத் தயார்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பார்க்கவே விடவில்லை என்று பின்னால் சொல்ல முடியாது. கம்பெனிக்கும் டீலருக்கும் தனித்தனியாக, சர்ட்டிஃபைட் மெயிலில், ரிட்டர்ன் ரசீதோடு. அதே நாளில் ஈமெயிலிலும். படங்கள் ஆறு போதும். இருபது அனுப்பினால் பார்ப்பவர் முதல் இரண்டோடு நிறுத்திவிடுவார். அவை தப்பான இரண்டாக இருந்துவிடும்.

பேலஸ்ட்_வாளி:
"அனுப்பி வையுங்கள்" என்று பதில் வந்தால் பெட்டியை அளந்துவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள். கூரியர் கனஅளவு எடைக்குத்தான் காசு வாங்கும். 62 × 25 × 8 இன்ச் பெட்டி என்றால் 12,400 கன இன்ச். 139ஆல் வகுத்தால் 90 பவுண்டு பில் வரும், உள்ளே இருப்பது 9 பவுண்டு போர்டு. இதோடு 48 இன்ச்சைத் தாண்டிய நீளத்துக்குத் தனிக் கட்டணம். நீளம் கூட்டல் சுற்றளவு 130 இன்ச்சைத் தாண்டினால் பெரிய பார்சல் கட்டணம் அதற்கும் மேலே. இந்தப் பெட்டி 128இல் நிற்கிறது. பபிள் ராப் கூடச் சுற்றி உயரத்தை 8லிருந்து 10 ஆக்கினால் 132, போச்சு. நோஸுக்கும் டெயிலுக்கும் மட்டும் தடிமனான ஃபோம் வையுங்கள், ரெயிலுக்குக் குழாய் இன்சுலேஷன் நுரையைக் கீறி மாட்டுங்கள்.

ப்ரீபெய்டு லேபிள் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் டீலர் கடையிலேயே கம்பெனி ஆள் பார்க்கட்டும் என்று சொல்லுங்கள். போர்டு கம்பெனிகளின் பிரதிநிதிகள் சீசனுக்கு முன் டீலர்களைச் சுற்றி வருவது வழக்கம்தான்.

ஏரிக்கரை:
கடிதம் போய்ச் சேர்ந்த பதினோராவது நாள் பதில் வந்தது. போர்டை அனுப்ப வேண்டாமாம். "நடுவில் இரண்டாக வெட்டி, வெட்டிய படத்தை அனுப்புங்கள், மேற்கொண்டு பார்க்கிறோம்" என்கிறார்கள். வெட்டலாமா?

சட்டப்புள்ளி:
"மேற்கொண்டு பார்க்கிறோம்" என்பதற்கு எல்லாம் வெட்டக்கூடாது. கிளெய்ம் எண்ணோடு, "அங்கீகரிக்கப்பட்டது, வெட்டிய படம் கிடைத்ததும் இன்ன மாடல் அனுப்புவோம்" என்று எழுதி வரட்டும். மாற்றுப் போர்டுக்கு வாரண்டி எவ்வளவு நாள் என்பதையும் அதே மெயிலில் கேளுங்கள். பழையதில் மிச்சமுள்ள இரண்டு மாதம் மட்டும்தான் என்பார்கள், பலர் வழக்கமும் அதுதான். கேட்டு வைத்தால் அதிர்ச்சி இருக்காது.

ரெசின்கை:
எழுத்துல வந்த பிறகு வெட்டினா, நடுவுல வெட்டாதீங்க. வலது பாக்ஸ் வழியா குறுக்கா வெட்டலாமான்னு கேட்டுட்டு அங்க வெட்டுங்க. ரெண்டு துண்டுதானே அவங்களுக்கு வேணும். சீரியல் எண் ஒரு துண்டுல முழுசாத் தெரியணும். கைரம்பம், மாஸ்க், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. ஃபைபர் கிளாஸ் தூள் நுரையீரலுக்கு ஆகாது, வீட்டுக்குள்ள வேண்டாம்.

வெட்டினதும் உள்ள பாருங்க. பிரிஞ்ச தோலோட உட்பக்கத்துல வெள்ளை மணிகள் பிய்ஞ்சு ஒட்டியிருந்தா ஒட்டு நல்லாத்தான் இருந்திருக்கு. வழவழன்னு மணியே இல்லாம இருந்தா ஒட்டவே இல்லை. மணிகள் சுருங்கி உருகி குழி விழுந்திருந்தா வெப்பம், அப்போ வி_ட்ரைவ்கிட்ட நான் மன்னிப்பு கேட்கணும். எதுவா இருந்தாலும் கிட்டத்துல ஒரு படம் எடுத்து இங்க போடுங்க.

ஃபின் மூணையும் வெட்டுறதுக்கு முன்னாடி கழட்டி வெச்சுக்கோங்க, ஸ்க்ரூவோட. 3/32 இன்ச் ஹெக்ஸ் சாவி. புதுப் போர்டு பெரும்பாலும் ஃபின் இல்லாமத்தான் வரும்.